செலவே இல்லாத டூல்

செல்வி: தகடு தேய்க்கிற கிரைண்டர்ல என்னங்க மாட்டியிருக்கீங்க?

முருகேசன்: ஷ்ரிங்கிங் டிஸ்க். உப்பின கார் தகட்டைச் சுருக்கற வட்டு. நானே செஞ்சது. கடையில வாங்கினா ஆயிரக்கணக்குல ஆகும். எனக்குச் செலவே இல்லை.

செல்வி: விளிம்புல "செல்வி, தாய்மாமன் சீர்"னு பேர் வெட்டியிருக்கே?

முருகேசன்: அது உள்பக்கம். தகட்டுல படாது.

செல்வி: எதிர்வீட்டு அக்காவுக்குப் பணியாரம் கொடுத்தனுப்பின தட்டு திரும்பி வரலைன்னு அவங்க கூட நான் பேசறதே இல்லை. கோலப்பொடி கேட்டு வந்தவங்களை இல்லைன்னு அனுப்பினேன்.

முருகேசன்: தட்டு அன்னைக்கே வந்துடுச்சு. நான்தான் வாங்கி வச்சேன்.

செல்வி: எங்கே வச்சீங்க?

முருகேசன்: கிரைண்டர்ல.

(செல்வி பேசவில்லை. முருகேசன் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொள்கிறார்.)

முருகேசன்: இந்த அம்பாசடர் பானெட்டைப் பாரு. டொக்கு எடுக்கத் தட்டித் தட்டித் தகடு நீண்டுபோச்சு. நீண்டது அடங்க இடமில்லாம உப்பி நிக்குது. அழுத்தினா டப்புனு உள்ளே போகும், கையை எடுத்தா டப்புனு வெளியே வரும்.

செல்வி: பட்டி போட்டுத் தேய்ச்சிடறதுதானே?

முருகேசன்: ஆடற தகட்டுல பட்டி நிக்குமா? வெடிச்சு உதிரும். புது பானெட் போடலாம்னா அம்பாசடர் தயாரிப்பு 2014-லயே நின்னுபோச்சு. அதனால தகட்டைச் சுருக்கணும். டிஸ்க் சுத்தும்போது மேடான இடத்துல மட்டும்தான் உரசும். உரசின இடம் சூடேறி விரியப் பார்க்கும். சுத்தியிருக்கிற குளிர்ந்த தகடு விடாது. வேற வழியில்லாம அங்கேயே தடிச்சுக்கும். உடனே ஈரத்துணியை வச்சா இழுத்துச் சுருங்கிடும்.

செல்வி: அந்த ஈரத்துணி என் நைட்டி.

முருகேசன்: காட்டன்தான் வேணும். பாலியஸ்டர்னா சூட்டுல உருகி ஒட்டிக்கும்.

செல்வி: அதுக்காகக் கொடியில காயறதை எடுத்துட்டு வந்துடறதா?

முருகேசன்: சரி, அதை விடு. மட்கார்டு விளிம்புக்கு டிஸ்க் சரிப்படாது. அதுக்கு இந்த முள். ரெண்டு கம்பிக்கு நடுவுல விளிம்பை விட்டு முறுக்கினா சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு விழும். அது விரிஞ்சு ஓடாம மெல்லத் தட்டி அடக்கணும். பழைய ஸ்க்ரூடிரைவர் கம்பிதான், இதுக்கும் செலவே இல்லை.

செல்வி: பிடி?

முருகேசன்: ...தோசைக்கரண்டி.

செல்வி: கீழே குழி வெட்டின கட்டை?

முருகேசன்: அது கட்டை.

செல்வி: கறி வெட்டற கட்டை.

முருகேசன்: குழியில வச்சுத் தட்டினாதான் தகடு கிண்ணமா வளையும்.

செல்வி: ஏங்க, உங்க ஸ்பானரை எடுத்து நான் தேங்காய் உடைச்சா சும்மா இருப்பீங்களா?

முருகேசன்: அதெப்படி? அது தொழில் சாமான்.

செல்வி: அடுப்படியில இருக்கிறதும் தொழில் சாமான்தான். அந்தத் தொழிலுக்குச் சம்பளம் கிடையாது. அதனாலதான் உங்க கணக்குல "செலவே இல்லை"ன்னு வருது.

முருகேசன்: டிஸ்க்குக்கு எவர்சில்வர்தான் சரி. தகட்டை அறுக்காது. விளிம்பு மேல மடங்கியிருக்கிறதால எங்கேயும் மாட்டாது.

செல்வி: அது எவ்வளவு வேகமா சுத்தும்?

முருகேசன்: 7 இஞ்ச் கிரைண்டர். நிமிஷத்துக்கு 8,500 சுத்து.

செல்வி: சோறு போடற மெல்லிசுத் தட்டு! பிய்ச்சுக்கிட்டா நேரா கழுத்துக்குத்தான் வரும். இதுல பாதுகாப்புக்கு இருக்கிற மூடி, அந்த கார்டையும் கழட்டி வச்சிருக்கீங்க.

முருகேசன்: தட்டு பெரிசு, கார்டு இடிச்சுது. கேட்டா நீ சின்னத் தட்டு கொடுத்திருப்பியா?

செல்வி: முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. நேரா எதிர்வீட்டுக்குப் போய்த் தட்டு நம்மகிட்டதான் இருக்குன்னு சொல்லிட்டு வாங்க.

முருகேசன்: எப்படி வந்துச்சுன்னு கேட்டா?

செல்வி: தகடு சுருங்கற கதையை ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க. பாதியிலேயே மன்னிச்சு அனுப்பிடுவாங்க.