ஆடி மாதத்தில் ஒரு கால்சட்டை

சாத்தூரிலிருந்து பெரியம்மா மகள் நேற்று அழைத்தாள். எடுத்ததும் கேட்டது, "அங்கே கிளைமேட் எப்படி?" நான் ஊட்டிக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. அக்காவின் முதல் கேள்வி மாறவில்லை. "கொடுத்து வைத்தவள் நீ. நாங்கள் வருவதென்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும், உனக்கு அதுவும் கிடையாது" என்றாள். எங்கள் வண்டி டிஎன் 43, நீலகிரிப் பதிவெண். 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கென்று வந்த அந்த இ-பாஸ் எங்களுக்குத் தேவையில்லைதான். அவள் இதைச் சொன்ன நேரத்தில் நான் மகனின் பள்ளிக் கால்சட்டையைத் தோசைக்கல்லுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தேன். துவைத்து மூன்றாவது நாள். இடுப்புப் பட்டியில் இன்னும் ஈரம்.

குளிரைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் இரண்டு நாள் தங்கிவிட்டுக் கீழே இறங்குகிறவர்கள். இங்கேயே இருப்பவர்களுக்குக் குளிர் ஒரு வீட்டு வேலை. சமையல், துவைப்பு போல அதையும் யாராவது செய்தாக வேண்டும், பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறோம். "ஊட்டியில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா?" என்பார்கள். இருந்துகொண்டுதான் பேசுகிறேன்.

முதலில் கைவிட்டது இட்லி மாவு. சாத்தூரில் இரவு கரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டி வழியும். சித்திரை மாதத்தில் நடுச்சாமத்தில் எழுந்து ஒரு பார்வை பார்க்க வேண்டும். இங்கே மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால், வைத்த மாவு வைத்தபடி. உளுந்து பழையது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை, "எந்த ஊர் அம்மா நீங்கள்?" என்று மட்டும் கேட்டார். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, வெந்நீர்த் தவலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக்கொடுத்தது வீட்டுக்காரம்மா. அப்படி வைத்தாலும் ஒரு முழு நாள் ஆகும். மாவுக்கென்றே எங்கள் வீட்டில் ஒரு கம்பளி உண்டு. ஒரு மார்கழியில் கம்பளி போதாமல் அதை எடுத்து என் கொழுந்தனாருக்குக் கொடுத்துவிட்டோம். காலையில் எழுந்தவர், "அண்ணி, ராத்திரி முழுக்க ஆப்பம் சாப்பிடுவதுபோல் கனவு" என்றார்.

பருப்பின் கதை வேறு. இங்கே உயரம் சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பாடம்தான். குக்கரின் ரப்பர் வளையம் கிழிந்த ஓர் ஞாயிற்றுக்கிழமை, திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் விதை விதையாகச் சுழன்றதைப் பார்த்தபோதுதான் அந்தப் பாடம் புரிந்தது.

துணிக்கு வருகிறேன். வீட்டுக்காரம்மா பேரக்குழந்தையின் துணிகளைக் காய வைக்கும் விதத்தை நின்று பார்த்திருக்கிறேன். கரி அடுப்பில் தணல் சாம்பல் பூத்த பிறகு மேலே ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்ப்பார். அதன்மேல் துணியை விரித்து, இட்லித் துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுத் திருப்பிப் போடுவார். கதவு மட்டும் திறந்தே இருக்க வேண்டும், அதில் அவர் கறார். மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி உயிரை விட்டவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த நச்சுக்காற்றுக்கு வாசனையே கிடையாது. சுற்றுலா வருகிறவர்கள் இந்த ஒன்றையாவது தெரிந்துகொண்டு வாருங்கள்.

இப்போது வீடு கட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கோயம்புத்தூர் வரைபடத்தை அப்படியே மலைக்கு ஏற்றிவிடுகிறார்கள். தரை முழுக்க டைல்ஸ், துணி காயப்போட மொட்டைமாடி. மாதக்கணக்கில் தூறும் ஊரில் மொட்டைமாடியில் என்ன காயும்? பழைய வீடுகளில் முன்பக்கத் தாழ்வாரத்தைக் கண்ணாடி வைத்து அடைத்திருப்பார்கள். வெயில் அரை மணி நேரம் தலைகாட்டினாலும் அந்தச் சூடு உள்ளேயே தங்கும். அந்தத் தாழ்வாரத்தைத்தான் இப்போது இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்கிறார்கள்.

இந்த ஊரில் நான் கண்டுபிடித்தவற்றில் பெரியது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், அது குன்னூர் பஸ்ஸில் கிடைத்தது. இங்கிருந்து குன்னூர் 20 கிலோமீட்டர்கூட இல்லை. ஓர் ஆடி மாதத்தில் குடையும் ஸ்வெட்டருமாக ஏறினேன். லவ்டேல் வரை கண்ணாடியில் நீர் வழிந்தது. கேத்தி தாண்டியதும் தூறல் நின்றது. அருவங்காட்டில் வெயில்! ஜன்னலோரம் இருந்த பெரியவர் என் குடையைப் பார்த்துச் சிரித்தார். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகம் அவலாஞ்சி, எமரால்டு பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தை எங்கள் தலையில் தூவுகிறது. 2,637 மீட்டர் தொட்டபெட்டா சிகரம் குறுக்கே நிற்பதால் குன்னூர் பக்கத்துக்கு அவ்வளவாகப் போவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டம் திரும்பும். வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். மண் சரிந்து மலை ரயில் ரத்து என்று செய்தி வரும்போது எங்களுக்கு இங்கே நல்ல வெயில்கூட அடிக்கும்.

அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர் குன்னூரிலிருந்து தினமும் வந்து போகிறவர். நான்கு வருடமாக எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஆடியில் என் ஈரத் துணிப் பை சாயங்கால பஸ்ஸில் அவரோடு குன்னூர் போகும். மறுநாள் காலையில் மடித்துத் திரும்பி வரும். ஐப்பசியில் அவருடைய பை என் வீட்டுக்கு வரும். மேலாளருக்கு இது தெரியாது, பையில் கோப்புகள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் குன்னூர்க்காரர் விடுப்பு. தோசைக்கல் வேலைக்கு வந்தது அதனால்தான்.

இவ்வளவையும் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "சரி, அடுத்த தடவை வரும்போது இரண்டு பாக்கெட் வர்க்கி வாங்கி வா. அங்கே குளுகுளுவென்று இருப்பதால்தான் அவ்வளவு மொறுமொறுப்பாக வருகிறது போல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.