கத்தரிக்கோலைப் பிள்ளை கையில் கொடுங்கள்

எல்கேஜி, யூகேஜி பிள்ளைகளுக்குப் படத்தை வெட்டி ஒட்டும் வீட்டுப்பாடம் வந்தால், அதைப் பிள்ளைதான் செய்ய வேண்டும். இதற்கு ஒரு பதிவா என்று தோன்றலாம். எங்கள் மன்னார்குடிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் நின்று பாருங்கள். "மாட்டுப் படம் கலர்ல ஒண்ணு" என்று அப்பா பிரிண்ட் எடுக்கிறார். வீட்டில் அம்மா வெட்டுகிறார், அவரே ஒட்டுகிறார். பிள்ளை போன் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் நோட்டில் படம் கச்சிதமாக இருக்கிறது, மிஸ் ஸ்டார் போடுகிறார். பிள்ளை ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை.

நான்கு துண்டாக வெட்டிய ஒரு மாட்டுப் படத்தைக் குழந்தை சேர்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். கொம்பின் பாதி ஒரு துண்டில், மீதி இன்னொன்றில். அந்தக் கோடு எங்கே தொடர்கிறது என்று கண் தேடுகிறது. துண்டைத் தலைகீழாக வைக்கிறது, பிறகு திருப்புகிறது. மேலே, கீழே, இடது, வலது எல்லாம் அப்போது கைக்குப் புரிகிறது. பின்னால் எழுத்தில் 'ப'வுக்கும் 'ய'வுக்கும் வித்தியாசம் பார்க்கப்போவதும் இந்தக் கண்தான்.

ஒட்டுவதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மரத் துண்டுகளைச் சேர்க்கும் புதிரில் தப்பாக வைத்த துண்டை எடுத்துவிடலாம். பசை தடவி ஒட்டியதை எடுத்தால் கிழியும். அதனால் முதலில் பசையில்லாமல் அடுக்கிப் பார்த்து, சரிதான் என்று முடிவு செய்த பிறகே ஒட்டச் சொல்ல வேண்டும். நாலு வயதில் ஒரு முடிவை யோசித்து எடுக்க இதைவிட நல்ல பழக்கம் எனக்குத் தெரியவில்லை. கோணலாக ஒட்டினால் ஒட்டட்டும், திருத்தாதீர்கள்.

படம் பிள்ளைக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். பனிக்கட்டி வீட்டையும் பனி மனிதனையும் வெட்டச் சொன்னால், எந்தத் துண்டு எங்கே வரும் என்று இங்குள்ள பிள்ளை எதை வைத்து யோசிக்கும்? நம்மிடம் கொக்கு இருக்கிறது, மீன்கொத்தி இருக்கிறது, தேர் இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேல் என்றால் நெல்லின் கதையையே கொடுக்கலாம்: நாற்றங்கால், நடவு, கதிர், அறுப்பு மெஷின், ரோட்டில் காயும் நெல், கொள்முதல் நிலையத்தில் மூட்டை. ஆறு படங்களையும் கலைத்துப் போட்டு வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். எது முதல், எது பிறகு என்று பிள்ளை காரணத்தோடு வாதாடும். அந்த வாதாட்டம்தான் மொழிப் பாடம்.

படத்தை வெட்டிச் சேர்த்துப் பாடம் படிப்பது புதிய விஷயமும் இல்லை. 1760களிலேயே லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைக் கோடுகள் வழியே அறுத்து, பிள்ளைகள் பூகோளம் படிக்க விற்றார். நாமும் மூன்றாம், நான்காம் வகுப்புக்குக் காவிரி டெல்டா வரைபடத்தை மாவட்டம் மாவட்டமாக வெட்டலாம். என் அம்மாவுக்கு இன்றும் இது எல்லாமே தஞ்சாவூர் ஜில்லாதான். 1991இல் நாகப்பட்டினம், 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை என்று தனித்தனி மாவட்டங்கள் ஆயின. துண்டுகளைச் சேர்த்தபின் கல்லணையில் தொடங்கி காவிரியையும் வெண்ணாற்றையும் நீலத்தில் வரையச் சொன்னால், தன் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பிள்ளையே கேட்கும்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். பழைய மாத காலண்டர், கல்யாணப் பத்திரிகை அட்டை, பசைக்கு நாலு சோற்றுப் பருக்கை போதும். மூன்று வயதில் கத்தரிக்கோல் சிரமம் என்றால் கையால் கிழிக்கட்டும். அப்புறம் நேர்கோடு, பிறகு வளைவு. நுனி மழுங்கிய கத்தரிக்கோலாகக் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள்.

இடது கைப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும், தாளும் வெட்டாமல் மடங்கும். பிள்ளைக்கு வேலை வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அலகு மாற்றி அமைத்த இடது கைக் கத்தரிக்கோல் கிடைக்கிறது. வகுப்புக்கு ஒன்றாவது வாங்கி வையுங்கள்.