ஒரு இரவுக்குத்தானே எண்டு இனி எனக்குச் சொல்லாதேங்கோ

ஆடி பிறந்தாக் காணும், எனக்குப் போன் வரத் தொடங்கிடும். "தம்பி, கசூரினாக் கடற்கரையில ரெண்டு கூடாரம் அடிச்சுத் தங்கப் போறம். ஒரு பல்ப்பும் ஒரு பிளக் பேஸும் இழுத்துத் தாவன், ஒரு இரவுக்குத்தானே." சாட்டியெண்டாலும் இதே கதை, மணற்காடெண்டாலும் இதே கதை. நான் யாழ்ப்பாணத்தில வயறிங் வேலை செய்யிறவன். இந்த "ஒரு இரவுக்குத்தானே" கேட்டுக் கேட்டு எனக்கு விசர் பிடிச்சுப் போச்சு. கரண்டுக்கு நாள்கணக்குத் தெரியுமோ? நாளைக்கு விடியக் கழட்டிப்போடுவினம் எண்டு இரக்கப்பட்டு இண்டைக்கு அடிக்காமல் விடுமோ?

வீட்டுக் கரண்டை விட இந்தத் தற்காலிகக் கரண்ட்தான் ஆளை விழுத்தும். வீட்டில வயர் சுவருக்குள்ள குழாயில ஓடுது, நிலம் காய்ஞ்சு கிடக்கு, காலில செருப்பு. கடற்கரையில? ஈர மணல், உப்புத் தண்ணி, வெறுங்கால். கடலில குளிச்சிட்டு ஈரச் சாறத்தோட வந்து போனுக்குச் சார்ஜ் போடுற மனிசன். காய்ஞ்ச தோல் கரண்டை ஓரளவுக்கெண்டாலும் மறிக்கும். உப்புத் தண்ணியில ஊறின தோல் வழி விட்டுக் குடுக்கும். எங்கட லைனில வாறது 230 வோல்ற். நெஞ்சுக்குள்ளால ஒரு 50 மில்லி ஆம்பியர் கொஞ்ச நேரம் போனாலே இதயத் துடிப்புக் குழம்பி ஆள் முடியலாம். ஒரு 10 வற்ஸ் பல்ப் இழுக்கிறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதுக்குள்ள "சின்னப் பல்ப்தானே" எண்டு இன்னொரு தானே.

இவை இழுக்கிற வடிவைச் சொல்லுறன், கேளுங்கோ. பக்கத்துக் கடையிலயோ வீட்டிலயோ கெஞ்சிக் கரண்ட் வாங்குவினம். மூண்டு கம்பி வயர் விலையாம், அதால ரெண்டு கம்பி, கசியிற கரண்டை நிலத்துக்குள்ள இறக்கிற எர்த் கம்பி இல்லை. அதுவும் எந்தக் காலத்திலயோ திருவிழாவுக்குச் சோடினைப் பல்ப் கட்டின மெல்லிசு வயர். நீளம் காணாட்டி ஒரு முடிச்சு, முடிச்சுக்கு மேல கிழிஞ்ச சொப்பிங் பாக். ஆக்கள் தடக்கி விழக்கூடாதாம் எண்டு அந்த முடிச்சோட சேர்த்து மணலுக்குள்ள தாட்டு மூடுவினம். மேலால வான் வண்டி ஏறிப் போகும். மற்றப் பக்கத்தில பிளக் இருக்காது, வயரின்ர தோலை உரிச்சு நெருப்புக்குச்சி வைச்சு பிளக் பேஸுக்குள்ள இறுக்கியிருக்கும். "எர்த் எங்க அண்ணை?" எண்டு கேட்டா, "கீழ முழுக்க மண் தானே தம்பி!" எண்டு போட்டுச் சிரிக்கினம். சோழகக் காத்து அடிக்க அடிக்கக் கூடாரத்து இரும்புக் கம்பியில வயர் உரஞ்சித் தேயிறது இவையின்ர கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு செல்பி எடுப்பினம்.

அந்த ஒற்றைப் பிளக் பேஸில என்ன கொழுவுவினம் எண்டு பாருங்கோ. கேத்தில் 2000 வற்ஸ். ரைஸ் குக்கர் 700. தலைமயிர் காய வைக்கிற மெசின் 1200. மொத்தம் 3900. 230 ஆல பிரிச்சா 17 ஆம்பியர். பிளக் 13 ஆம்பியர்! பாட்டுப்பெட்டி, காத்தாடி எல்லாம் நான் இன்னும் கூட்டேல்லை. பிளக் எண்டு ஒண்டு இருந்தா அதுக்குள்ள பியூஸ் இருக்கும், அது எரிஞ்சு காப்பாத்தும் எண்டு பார்த்தா, சிகரெட் பெட்டியின்ர வெள்ளித்தாளை அந்தப் பியூஸில சுத்தி வைச்சிருக்கிறான் ஒரு மூளைசாலி. இனி எரியிறதெண்டா வயர்தான் எரியவேணும். வயருக்குப் பக்கத்தில நைலோன் கூடாரம், அதுக்குள்ள பிள்ளையள் நித்திரை.

இதை எங்கட ஆக்கள் செய்தாலும் ஒரு மாதிரி, அறியாமை எண்டு விடலாம். லண்டனில இருந்து வாற மச்சான்மாரை என்ன சொல்லுறது? அங்க ஒருவர் கரவான், அதுதான் காருக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போற சில்லு வீடு, வைச்சிருக்கிறார். கோடையில குடும்பத்தோட கொண்டுபோய் நிப்பாட்டுவாராம். படம் எல்லாம் காட்டினவர். அங்க கரவான் நிப்பாட்டுற இடத்தில நீல நிறப் பிளக்கோட 16 ஆம்பியர் கம்பம் நிக்கும், ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனியா 30 மில்லி ஆம்பியர் ரிப் சுவிட்ச், கரண்ட் கசிஞ்சா தானா வெட்டுற சுவிட்ச். இவர் 25 மீற்றர் செம்மஞ்சள் ரப்பர் வயரைச் சுருள் இல்லாமல் முழுக்க விரிப்பாராம். சுருட்டின வயரில கூடக் கரண்ட் ஓடினா சூடு வெளிய போக வழியில்லாமல் உருகுமாம். முதல்ல கரவான் பக்கம் கொழுவி, பிறகு கம்பத்தில கொழுவி, கழட்டேக்க கம்பத்தில முதல் கழட்டி... எனக்கே வகுப்பு எடுத்தவர், நானும் மரியாதையா இருந்து கேட்டன். எல்லாம் சரியான கதைதான், ஒரு பிழையும் இல்லை.

அதே மனிசன் இங்க வந்து இறங்கினவுடன வயர் ரீலைப் பாதி கூட விரிக்காமல் சாட்டி மணலில போட்டு, அதில கேத்திலையும் குக்கரையும் கொழுவிப்போட்டு, "இஞ்ச எல்லாம் உதுகள் பாக்கிறதில்லைத்தானே, ஒரு இரவுக்குத்தானே மச்சான்" எண்டுறார். அந்த ரீலிலேயே எழுதியிருக்கு, சுத்தினபடி எண்டா எவ்வளவு வற்ஸ், விரிச்சா எவ்வளவு எண்டு. அங்க ஓடுறதும் 230, இங்க ஓடுறதும் 230. அங்கத்தையான் கரண்ட் மட்டும் வெள்ளைக்காரனுக்குப் பயந்து அடங்கி ஓடுதோ? சட்டம் பார்க்கிற இடத்தில உயிருக்குப் பயம், சொந்த ஊரில வந்தா உயிர் மலிவு!

கனடாக்காரர் வேற ரகம். அங்கத்தையான் 120 வோல்ற் சாமானைக் கொண்டுவந்து, பிளக்கின்ர பின்னை மாத்திற கட்டையைக் கொழுவி எங்கட 230 இல குத்திப்போட்டு, புகை வந்தாப் பிறகு "உங்கட கரண்ட் சரியில்லை" எண்டுவினம். அந்தக் கட்டை பின்னை மட்டும்தான் மாத்தும், வோல்ற்றேஜை மாத்தாது. ஐயா, போன் சார்ஜரில 100-240 எண்டு எழுதியிருக்கும், அதைக் கொழுவுங்கோ. மற்றதைப் பெட்டிக்குள்ளயே வைச்சிருங்கோ.

எனக்கு உண்மையில கொதி வாற இடம் இனித்தான். ரிப் சுவிட்ச். கடைக்காரர் ஆராவது புண்ணியவான் அதைப் போட்டு வைச்சிருந்தா, இவையின்ர வயர் ஈரமணலில கசிய அது "டக்" எண்டு விழும். விழவேணும்! போற கரண்டும் திரும்பி வாற கரண்டும் சமமில்லை, ஒரு 30 மில்லி ஆம்பியர் வேற எங்கயோ இறங்குது எண்டா, அது கண் மூடித் திறக்கிற நேரத்தில வெட்டும். அதுதான் அதின்ர வேலை. இவை என்ன செய்யினம்? எனக்குப் போன் எடுத்து, "தம்பி, உந்தக் கோதாரி சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கு, நேரா ஒரு வயர் போட்டு விடன்" எண்டினம். கரண்ட் ஈரமணலுக்குள்ள இறங்குது எண்டு ஒரு கருவி கத்துது, கத்திற வாயைத் தைக்கச் சொல்லுறியள். நான் மாட்டன் எண்டா "அவருக்குப் பெரிய எடுப்பு" எண்ட பேர். நான் மாட்டன் எண்டதை வேற ஆரோ வந்து நூறு ரூபா கூட வாங்கிச் செய்து குடுத்திட்டுப் போறான்.

நெடுந்தீவுப் பக்கம் போறவை ஜெனறேற்றரையும் படகில ஏத்திக்கொண்டு போவினம். சத்தம் கேக்குது, மழை தூறுது எண்டு அதைக் கூடாரத்து வாசலுக்கே இழுத்து வைப்பினம். அந்தப் புகையில வாற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, சத்தி, நித்திரை. பிறகு எழும்புறதில்லை. காத்துப் போற பக்கம் பார்த்து, குறைஞ்சது இருபதடி தள்ளி வெளியில வைக்கவேணும். ஆளுக்கு ஒண்டெண்டா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல்ல கடலைத் தாண்டவேணும், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்துதான் ரோட்டே தொடங்குது. சின்ன ஜெனறேற்றர்களில நியூட்ரல், அதுதான் கரண்ட் திரும்பி வாற கம்பி, எர்த்தோட கட்டியிருக்காட்டி ரிப் சுவிட்ச் போட்டிருந்தும் அது விழாது எண்டதையும் ஒருக்காச் சொல்லி வைக்கிறன். ஓடிச் சூடாக் கிடக்கிற மெசினுக்குப் பெற்றோல் ஊத்திறவைக்குச் சொல்ல என்னட்டை ஒண்டும் இல்லை. பவர் பாங்கை வெயிலில கூடாரத்துக்குள்ள பூட்டி வைக்கிறவைக்கும் அதே.

ஆருக்காவது கரண்ட் அடிச்சா ஓடிப்போய் ஆளைப் பிடிச்சு இழுக்கிற பழக்கம் ஒண்டும் இருக்கு. ஒண்டுக்கு ரெண்டாப் போகும். முதல்ல சுவிட்சை நிப்பாட்டுங்கோ. சுவிட்ச் எங்க இருக்கெண்டு கரண்ட் எடுக்கிறபோதே கேட்டு வையுங்கோவன், கேட்டா என்ன குறைஞ்சா போவியள்?

இந்த வருசம் நல்லூர்க் கோயில் கொடியேத்தத்தோட சேர்த்து ஆக்கள் வந்து குவியப் போகினம், என்ர போனும் அடிக்கப் போகுது. அதால இப்பவே எழுதிப் போடுறன். நான் வந்தா மூண்டு கம்பி ரப்பர் வயர், நடுவில ஒரு முடிச்சும் இல்லாமல். ரிப் சுவிட்ச் போட்ட பெட்டி என்னோட வரும், உங்களுக்கு முன்னால ரெஸ்ற் பட்டனை அமத்திக் காட்டிப்போட்டுத்தான் கரண்ட் குடுப்பன். பிளக் பேஸ் நிலத்தில இருக்காது, சவுக்கு மரத்தில நெஞ்சளவு உயரத்தில, மழை படாத பெட்டிக்குள்ள. கேத்திலும் குக்கரும் கொழுவ விடமாட்டன், தேத்தண்ணிக்கு மூண்டு கல்லு வைச்சு விறகு மூட்டுங்கோ, கடற்கரைக்கு வந்தது அதுக்குத்தானே. இதுக்குக் காசு கூட. கூட எண்டு பட்டா கடையில ரோச் லைற் கிடக்கு, வாங்கிக்கொண்டு போங்கோ.

போன வருசம் வயர் இழுத்த காசு தராமல் பிளேன் ஏறின ஆக்கள், முதல்ல அதை அனுப்பிப்போட்டுப் போன் எடுங்கோ.