கரடிக்கு எந்தத் தோட்டா என்று பாடம் எடுக்கும் தம்பிக்கு

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி நம் ஊர் குரூப்பில் அந்த வீடியோவை நாலாவது ஆளும் ஃபார்வர்டு செய்தபோது முடியவில்லை. எந்த வீடியோ என்று சொல்லத் தேவையில்லை. பச்சை ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, பின்னால் டமடமவென்று இசை. "வேட்டைக்குப் போறீங்களா? கரடி வந்தா இந்தத் தோட்டாதான் பாஸ்!" போன வாரம் மலையில் நடந்த கரடிச் சங்கதியின் சூடு ஆறுவதற்குள் தம்பிக்கு லைக் அள்ளிவிட்டது.

தம்பி சொன்ன விவரம் எதுவும் பொய்யில்லை. எரிச்சலே அதுதான். எல்லாம் அமெரிக்காவின் அலாஸ்காக்காரர்கள் பேசுவது. அங்கே 12 போர் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டுத் தோட்டா போடுகிறார்கள். ஸ்லக் என்பார்கள், ஒரு அவுன்ஸ், 28 கிராம் ஈயம். அதிலும் இரண்டு கட்சி உண்டு. ஃபாஸ்டர் வகை மெத்து ஈயம், பட்டவுடன் சப்பையாகும், மானுக்குப் போதும். பிரென்னெகே வகை கெட்டி, சப்பையாகாமல் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். முன்னூறு கிலோவுக்கு மேல் நிற்கும் பழுப்புக் கரடி வரும் இடத்தில் இந்த வாதத்துக்கு அர்த்தம் இருக்கிறது. அங்கே ஒருவன் லைசென்ஸ் வாங்கி, சீசன் பார்த்து மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறான். அறுத்த கறி வாசனைக்குக் கரடி வருகிறது. அவன் கவலை நியாயமானது.

நம் கரடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அஞ்செட்டி, உரிகம், பென்னாகரம் பக்கம் இருப்பது நூறு கிலோ சுமாருக்கு நிற்கிற, கரையான் புற்றைத் தோண்டித் தின்கிற, ஈச்சம்பழத்துக்கும் பலாவுக்கும் அலைகிற ஜீவன். கண்ணும் மட்டம், காதும் மட்டம். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் நீ வருவது அதற்குத் தெரியாது, அது இருப்பது உனக்குத் தெரியாது. பத்தடியில் முட்டிக்கொள்வீர்கள். அது உன்னைத் தின்ன வரவில்லை, பயத்தில் வருகிறது. வந்தால் நேரே முகம்தான். அந்த இரண்டு விநாடியில் குழலுக்குள் மெத்து ஈயமா கெட்டி ஈயமா என்பதா விஷயம்? தோட்டா இங்கே கடைசிக் கேள்வி தம்பி. கடைசிக் கேள்வி.

"எஸ்ஜி போட்டா பரவும்ணா, குறியே பார்க்க வேண்டாம்" என்று ஒரு நிபுணர் கமெண்டில். எஸ்ஜி என்பது பெரிய ரவைத் தோட்டா. உள்ளே எட்டு ஒன்பது ரவை, ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கெஜத்துக்கு ஒரு அங்குலம் விரியும் என்பது பழைய கணக்கு. அப்படியென்றால் பத்தடியில் எவ்வளவு? கைப்பிடி அளவு. தவறினால் ஒன்பதும் சேர்ந்தே தவறும். கவுதாரிக்குப் போடும் பொடி ரவையை விட்டால் அந்தச் சடைமுடியிலும் தோலிலும் சிக்கி நிற்கும். காயம்பட்ட கரடி மறுநாள் சுள்ளி பொறுக்கப் போகும் ஏதோ ஒரு அக்காவுக்கு எதிரே நிற்கும். அதற்கு யார் வீடியோ போடுவது?

சரி, இவ்வளவு ஏன் பொங்குகிறாய் என்பீர்கள். அந்த வீடியோவுக்கு அடியில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறாரே: "துப்பாக்கி கையில் இருந்தும் சுடத் தெரியாமல் முகத்தைக் கொடுத்தவங்களும் நம்ம ஊர்ல இருக்காங்க", கூடவே மூன்று சிரிப்பு பொம்மை. யாரைச் சொன்னார் என்று இந்த குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். என் சித்தப்பாவை.

எழுதினவருக்குத் தெரியாத கதை இது. சித்தப்பாவிடம் இருந்தது பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல், குழல் வாய் வழியாக வெடிமருந்து இடிப்பது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்வார். ராகி கதிர் பிடிக்கும் நாளில் பரண் மேல் படுத்து, பன்றிச் சத்தம் கேட்டால் வெறும் மருந்தை வெடிப்பார். அன்றைக்கும் உள்ளே ரவை கிடையாது, குண்டு கிடையாது. விடியற்காலை நாலு மணி. கீழே தீ அணைந்துவிட்டதே என்று இறங்கியிருக்கிறார். பலா மரத்துக்கு அந்தப் பக்கம் கரடி இருந்தது இவருக்குத் தெரியவில்லை. அது எழுந்து நின்றதும் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து அதன் வாய்க்குள் கொடுத்திருக்கிறார். ஆமாம், துப்பாக்கியைத்தான். கட்டையில் பல் பதிந்த பள்ளம் இன்னும் இருக்கிறது, என் சுண்டுவிரல் நுனி அதில் உட்காரும். அப்படியும் ஒரு காதும் நெற்றித் தோலும் போய்விட்டன. எங்கள் நாயும், பக்கத்து வயல்காரர் தட்டிய தகர டின்னும்தான் அவரைக் காப்பாற்றின. எந்தத் தோட்டாவும் இல்லை.

இனி கேள்விகள் வரும். நானே எடுத்துக்கொள்கிறேன்.

"உனக்கென்ன, பாரஸ்ட் ஆளா நீ?" இல்லை ஐயா. எனக்கும் இரண்டு ஏக்கர் ராகியும் மாவும் காட்டோரத்தில்தான். யானையிடம் கொடுத்தது போக மிச்சம்தான் வீட்டுக்கு.

"தற்காப்புக்குச் சுடலாம்னு சட்டமே சொல்லுதே?" சொல்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 11-வது பிரிவு. கூடவே இன்னொன்றும் சொல்கிறது: அந்த நேரத்தில் நீ இந்தச் சட்டத்தை மீறி ஏதாவது செய்துகொண்டிருந்தால் இந்தச் சலுகை உனக்கு இல்லை. வேட்டையே குற்றம். கரடி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், உச்சப் பாதுகாப்பில் இருக்கும் விலங்கு. ஆக "வேட்டைக்குப் போகும்போது கரடியிடமிருந்து தற்காப்பு" என்று நம் ஊரில் ஒன்று கிடையவே கிடையாது. அலாஸ்காவில்கூட உயிருக்காகக் கரடியைச் சுட்டால் தோலையும் மண்டை ஓட்டையும் உரித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். தம்பி அதைச் சொன்னாரா? நாற்பது விநாடியில் இடம் இருந்திருக்காது.

"இப்பத்தான் பன்றியைச் சுட ஆர்டர் போட்டாங்களே?" அது 2025-இல் வந்தது. பன்றிக்கு. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி, வனத்துறை ஆட்கள் சுடுவதற்கு. நீயும் நானும் சுடுவதற்கல்ல.

"அப்ப விவசாயி உயிர் போகட்டுமா?" இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. அலாஸ்காவிலேயே 2012-இல் ஒரு ஆய்வு வந்தது. கரடியை எதிர்கொண்ட சம்பவங்கள் 269. துப்பாக்கியைப் பயன்படுத்தியவனுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவனுக்கும் காயம்படுவதில் பெரிய வித்தியாசமில்லை என்று அதில் எழுதினார்கள். அதே ஆட்கள் 2008-இல் மிளகாய் ஸ்பிரேயைப் பற்றி எழுதியதில், பழுப்புக் கரடியை நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு தடவை அது நிறுத்தியிருக்கிறது. ஸ்லக்கைக் கண்டுபிடித்த தம்பி கண்ணில் இது படவில்லை பாருங்கள். நமக்கு அந்த ஸ்பிரேகூட வேண்டாம். விடியும் முன் வெளியே போக வேண்டிய வீட்டுக்கு ஒரு கக்கூஸ், முக்கில் எரிகிற ஒரு தெருவிளக்கு, கையில் நல்ல டார்ச், பேசிக்கொண்டே நடக்க ஒரு துணை. இதைக் கேட்டு இந்த குரூப்பில் எத்தனை பேர் மனு எழுதினீர்கள்? போன வருஷம் நான் எழுதிய மனுவில் ஏழு கையெழுத்து. குரூப்பில் இருப்பது இருநூற்று முப்பது பேர்.

சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாள் கிடந்தார். கமெண்ட் போட்டவர் ஒரு நாள் எட்டிப் பார்த்தாரா? இழப்பீட்டுக்கு அலைந்தபோது ஒவ்வொரு மேஜையிலும் "காட்டுக்குள்ள எதுக்குப் போனே" என்று கேட்டார்கள். காட்டுக்குள் இல்லை சார், என் வயலில்தான் நின்றேன் என்று அந்த மனுஷன் எத்தனை தடவை சொல்லியிருப்பார். இப்போதும் கல்யாண வீட்டில் கடைசி வரிசையில், காது போன பக்கத்தைத் துண்டால் மூடிக்கொண்டுதான் உட்காருகிறார். போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் சாப்பிடப் போய்விடுவார். அவரைத்தான் சுடத் தெரியாதவர் என்கிறீர்கள். சிரியுங்கள்.

நான் அந்த வீடியோவை அவரிடம் காட்டவில்லை. பேத்தி காட்டிவிட்டாள். முழுசாகப் பார்த்திருக்கிறார். கமெண்டைப் படிக்க அவருக்குத் தெரியாது, நல்லவேளை. "ஏம்மா, இவ்ளோ வெயில்ல எந்தக் கரடி வரும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்து, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாராம்.