லிவர்பூல் முதல்முறை அல்ல
ஐரோப்பாவின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை வழக்கமாக முந்தைய ஆண்டு ஜெயித்த நாடுதான் நடத்தும். 2022இல் ஜெயித்த உக்ரைனுக்காக 2023இல் அது இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்தது; ஜெயித்த நாட்டுக்காக இன்னொரு நாடு நடத்தியது அதுதான் முதல்முறை என்று இந்தக் கட்டுரை சொல்வது தவறு. 1972இல் மொனாக்கோவுக்குப் பதிலாக எடின்பரோவிலும், 1974இல் லக்சம்பர்க்குக்குப் பதிலாக பிரைட்டனிலும் பிரிட்டனின் பிபிசியே நடத்தியிருக்கிறது, 1980இல் இஸ்ரேல் மறுத்ததால் நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்குப் போனது. ஆனால் அவையெல்லாம் செலவு, வசதி, தேதி என்று ஏதோ ஒரு காரணத்தால் தாங்களே விலகிக்கொண்ட நாடுகள். உக்ரைன் அப்படி விலகவில்லை, நடத்தத்தான் விரும்பியது, போர் விடவில்லை. மேலே கருத்துச் சொன்ன ஒருவர், லிவர்பூலில் நடத்தியதை இங்கிலாந்து தன் விளம்பரத்துக்குச் செய்தது என்று எழுதியிருக்கிறார், அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தொகுப்பாளர்களில் ஒருவராக உக்ரைன் பாடகி ஜூலியா சனினா மேடையில் நின்றார், பிரிட்டனில் தஞ்சமடைந்த உக்ரைனியர்களுக்கு என்றே சுமார் 3,000 டிக்கெட் ஒதுக்கினார்கள். அப்புறம் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வந்த அந்தச் சின்னக் காணொளி: முதலில் உக்ரைனில் ஒரு இடம், அதே மாதிரி பிரிட்டனில் ஒன்று, பிறகு பாடகரின் சொந்த நாட்டில் ஒன்று. நான் இறுதிச்சுற்றை டிவியில் பார்த்தேன், அந்தக் காட்சிகள் வரும்போதெல்லாம் தொண்டை அடைத்தது. அதே இரவில்தான் உக்ரைன் சார்பில் பாடிய த்வோர்ச்சி குழுவின் ஊரான தெர்னோப்பில் மீது ஏவுகணை விழுந்தது.