புகாரை எழுதியது யார்?

பொய்யான பாலியல் புகார் என்றதுமே பழிவாங்கல், பணம் என்று ஆரம்பித்துவிடுகிறோம். அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாம் அதிகம் பேசாத காரணம் ஒன்று உண்டு: சுற்றி நிற்பவர்களுக்குப் பயந்து சொல்லும் பொய்.

1931, அமெரிக்காவின் அலபாமா. சரக்கு ரயிலில் திருட்டுத்தனமாக ஏறி வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் ஆயுதம் ஏந்திய கும்பலிடம் மாட்டினார்கள். தங்கள்மீதே வழக்கு பாயக்கூடிய நிலை. அதே ரயிலில் வந்த ஒன்பது கறுப்பினப் பையன்கள் தங்களை வன்புணர்வு செய்ததாகச் சொன்னார்கள். பதினைந்தே நாளில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. 1933இல் அந்த இருவரில் ஒருவரான ரூபி பேட்ஸ், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். அதைக் கேட்ட பிறகும் ஜூரி குற்றவாளி என்றுதான் முடிவு செய்தது. சொன்னவளே மறுத்தாலும் ஊர் விடவில்லை, அந்தப் பொய் ஊருக்குத்தான் தேவைப்பட்டது.

வீடுகளிலும் இதேதான். தங்கையின் போனில் ஒரு பையனின் மெசேஜை அண்ணன் பார்த்துவிடுகிறான். அவளை நடுவீட்டில் நிறுத்திக் கேட்கிறார்கள்: "நீயா போனியா, அவன் இழுத்துட்டுப் போனானா?" நானாகத்தான் போனேன் என்றால் அடி, படிப்புக்கு முழுக்கு, அவசரக் கல்யாணம். அவன்தான் என்றால் அம்மா கட்டிப்பிடித்து அழுவாள். நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை எதைச் சொல்லும்? பிறகு அப்பாவும் மாமாவும் சொல்லச் சொல்ல புகார் தயாராகிறது. பையன் வேறு சாதி, வேறு மதம் என்றால் கேட்கவே வேண்டாம்.

டெல்லி மாவட்ட நீதிமன்றங்கள் 2013இல் முழுமையாக விசாரித்து முடித்த வன்புணர்வு வழக்குகளை ஓர் ஆங்கில நாளிதழ் ஆராய்ந்தது. சுமார் 40 சதவீதம், விரும்பிச் சேர்ந்த ஜோடிகள் தொடர்பானவை. பெரும்பாலும் ஓடிப்போன பிள்ளைகள், வழக்குப் போட்டது பெண்ணைப் பெற்றவர்கள்.

இதை வைத்து "எல்லாப் பொம்பளையும் பொய்தான் சொல்றா" என்று கிளம்புகிறவர்கள்மேல் எனக்குக் கடுங்கோபம் உண்டு. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுகளில் வந்த 136 புகார்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், பொய் என்று வகைப்படுத்தப்பட்டவை 8தான். "நீ ஏன் அங்க போன?" என்ற கேள்விக்குப் பயந்து, உண்மையிலேயே சிதைக்கப்பட்டவர்களில் பலர் புகாரே கொடுப்பதில்லை. ஒருத்தியைப் பொய் சொல்ல வைக்கும் அதே மானப் பயம்தான் இன்னொருத்தியின் வாயை அடைக்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். புகார் கொடுக்க வரும் பெண்ணிடம் வீட்டார் யாரும் இல்லாத அறையில் பேசுங்கள். பின்னால் அவள் வாக்குமூலத்தை மாற்றினால், அவள்மேல் பாய்வதற்கு முன், சொல்லிக் கொடுத்தது யார் என்று விசாரியுங்கள். அதுவரை உள்ளே கிடந்த பையனுக்கு வேலையும் பேரும் போயிருக்கும். அதற்கு அந்த வீட்டுப் பெரியவர்களும் பதில் சொல்லட்டும்.