ஹாரிஸை விட்டுவிட்டீர்களே

மூளைக்கும் ஹார்மோன்களுக்கும் உள்ள தொடர்பு பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் மூளைதான் ஹார்மோன்களை ஆட்டுவிக்கிறது என்பதை 1977-இல் மருத்துவ நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானிகள் கியெமின், ஷாலி இருவர்தான் கண்டுபிடித்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடித்தளம் போட்டவர் ஜெஃப்ரி ஹாரிஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸிலிருந்து, அதற்குக் கீழே இருந்து மற்ற சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்கு நரம்பு வழியாக இல்லாமல், குட்டி ரத்தக்குழாய்கள் வழியாக வேதிச் செய்தி போகிறது என்று சொன்னவர் அவர்.

சொன்னதோடு நிற்கவில்லை. 1952-இல் டோரா யாக்கப்சோன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, எலிகளின் பிட்யூட்டரியை எடுத்துவிட்டு, வேறு பிட்யூட்டரித் திசுவை ஹைப்போதலாமஸுக்கு நேர் கீழே ஒட்டவைத்தார். அந்த எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சி திரும்பியது, சில கருவுற்றன. அதே திசுவை மூளையின் வேறொரு பகுதிக்கு அடியில் வைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

அந்த வேதிப்பொருளைக் கையில் பிடித்துக் காட்டியது கியெமினும் ஷாலியும்தான், மறுக்கவில்லை. ஒருவர் ஆட்டு மூளை, மற்றவர் பன்றி மூளை என்று லட்சக்கணக்கில் வாங்கி அரைத்து, கிடைத்தது ஓரிரு மில்லிகிராம்! முதலில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள், அப்புறம் முறைத்துக்கொண்டு போட்டி போட்டார்கள். 1969-இல் இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அப்படிப்பட்ட ஒரு ஹைப்போதலாமஸ் ஹார்மோனான டிஆர்எச்-இன் அமைப்பைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். வெறும் மூன்று அமினோ அமிலங்கள், அவ்வளவுதான்.

ஹாரிஸ் 1971-இலேயே இறந்துவிட்டார். இறந்தவருக்கு நோபல் கிடையாது, சரி. கட்டுரையில் ஒரு வரிகூடவா கிடையாது?